பெத்தாய், மாங்காய், மரவள்ளி: பீடோர் அக்காவிடம் கேட்டவை

உள்ளூரில் விளைவதைச் சாப்பிடுவது, மிஞ்சியதை ஊறுகாயும் வற்றலுமாக்கி வைப்பது, அதையும் சின்னப் பிள்ளைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு செய்வது. இதைப் பற்றி நம் மலேசியத் தமிழ்க் குழுவில் கேள்விகள் குவிந்துபோய், பதில் சொல்ல என்னைப் பிடித்துப் போட்டார்கள். நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், பாட்டி ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தார். பாலர் பள்ளியில் பதினெட்டு வருடம் சமைத்துவிட்டு, இப்போது பேராக்கில் பீடோர் பக்கம் ஊறுகாய் போட்டு விற்கிறேன். டாக்டர் இல்லை, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவிலிருந்து ஒரு தாய்: பருவத்துக்கேற்ற சாப்பாடு என்கிறார்கள். நம் நாட்டில் வருஷம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. பருவம் எங்கே இருக்கிறது, அக்கா?

இருக்கிறது, தங்கச்சி. காலண்டரில் தேடாமல் மழையில் தேடுங்கள். நம் மேற்குக் கரைப் பக்கம் ஏப்ரல், மே ஒரு மழை. அக்டோபர், நவம்பர் அதைவிடப் பெரிய மழை. நடுவில் ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் கொஞ்சம் வறட்சி. மாமரம் வருஷத் தொடக்கத்து வெயிலில் பூத்து, மழை தொடங்கும்போது காய் தரும். டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், டுக்கு எல்லாம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சேர்ந்து வந்து விழும். வருஷக் கடைசியில் இன்னொரு சின்ன வரத்து உண்டு. பீடோர்க் கொய்யாவுக்கு மட்டும் பருவம் கிடையாது, அது எப்போதும் காய்க்கிற பிள்ளை.

வற்றல், வடகம் போடுகிறவர்களுக்குப் பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் நடுவில் உள்ள வெயில்தான் சொத்து. எங்கள் பாட்டி அந்த நாட்களில் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகமாட்டார். பாய் விரித்து வடகம் பிழிந்துவிட்டு, பக்கத்தில் ஒரு குச்சியோடு உட்கார்ந்திருப்பார். கோழிக்கு ஒரு அடி, எங்களுக்கு ஒரு அடி.

கம்பார், மூன்று வயது மகன்: மாங்காய் ஊறுகாய் எப்படிப் போடுவது? அவனுக்கும் கொடுக்கலாமா?

முதலில் போடுவது. புளிப்பான, கல் போன்ற காயாக எடுங்கள். கழுவி, துணியால் துடைத்து, காற்றாடிக்குக் கீழே இரண்டு மணி நேரம் பரப்பி வையுங்கள். வெட்டும் பலகை, கத்தி, கை மூன்றிலும் ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. ஒரு கிலோ துண்டுக்கு 150 கிராம் கல் உப்பு. 100 போட்டால் போதாதா என்று கேட்காதீர்கள். நம் ஊர்க் காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது, தமிழ்நாட்டு அளவைப் பார்த்துப் போட்டால் இங்கே கெட்டுப்போகும். கண்ணாடிச் சாடியில் போட்டு மூன்று நாள், காலையும் மாலையும் குலுக்குங்கள். மாங்காயே தண்ணீர் விட்டு உப்பில் மிதக்கும். நாலாம் நாள் துண்டைப் பிழிந்து தட்டில் காய வையுங்கள், அந்த உப்புத் தண்ணீரையும் தனியாக வெயிலில் வையுங்கள். சாயங்காலம் துண்டைத் திரும்ப அதிலேயே போடுங்கள். துண்டின் ஓரம் சுருண்டு, தோல் பக்கம் லேசாக வெளுத்து வரும்போது பதம் சரி. பிறகு மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், கடுகு, காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய். எண்ணெய் துண்டுக்கு மேலே ஒரு விரல் நிற்கவேண்டும்.

இப்போது மகன். ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளுக்கு 2 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டன் சுகாதாரத் துறை சொல்லும் அளவு. நான் சொன்ன கணக்கில் பத்து கிராம் துண்டு ஒன்றிலேயே ஒன்றே கால் கிராமுக்கு மேல் உப்பு. நாக்கில் தடவ விடுங்கள், தின்னக் கொடுக்காதீர்கள். மாங்காய் வெட்டுகிற அன்றைக்கே அவனுக்கு ஒரு கீற்றை வெல்லம் போட்டு வேகவைத்துப் பச்சடியாகக் கொடுங்கள். ஊறுகாய் போடுவதே காய் இல்லாத நாளுக்காக. கையில் காய் இருக்கும்போது பிள்ளைக்கு எதற்கு ஊறுகாய்?

பீடோர், பெயர் வேண்டாம் என்றவர்: பழைய பிளாஸ்டிக் கேன் நிறைய இருக்கிறது. நன்றாகக் கழுவி எலுமிச்சை ஊறுகாய் போடலாமா?

எதன் கேன்? அதைச் சொல்லவில்லையே!

தோட்டத்துப் பக்கம் இருக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன், இன்னும் பலமுறை சொல்வேன். கித்தா (ரப்பர்) பால் உறைய வைக்கும் ஆசிட் இருந்த கேன், புல்லுக்கு அடிக்கிற மருந்து இருந்த போத்தல், இவை சமையலறைக்குள் வரவே கூடாது. நேர்மாறாகவும் கூடாது, அதாவது சிராப் போத்தலில் ஆசிட்டை ஊற்றி வைப்பது. எனக்கு ஏழு வயதிருக்கும்போது எங்கள் லயத்தில் ஒரு பையன் அலமாரிக்கு அடியில் இருந்த போத்தலைச் சிராப் என்று வாயில் வைத்தான். ஒரே மிடறு. உதடு வெள்ளையாக வெந்துபோனது. பிழைத்தான், ஆனால் பல மாதம் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. பாரகுவாட் என்கிற புல் மருந்தை நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டார்கள். அதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடாது. பழைய போத்தல்கள் எத்தனை வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறதோ.

செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசைக்கு நடுவில் கீரை பறிப்பவர்களுக்கும் இதே பேச்சு. மருந்து எப்போது அடித்தார்கள் என்று வேலையை மேற்பார்க்கிற தண்டலைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

ஒன்பது மாதக் குழந்தைக்குத் தேன் நெல்லி கொடுக்கலாமா? (செரம்பான்)

ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. கொடுக்கில்லாத தேனீயின் கெலுலுட் தேன், மலைத்தேன், மாமியார் கொடுத்த தேன், எதுவும் கூடாது. போட்டுலிசம் என்கிற நோயைத் தரும் கிருமியின் வித்து அதில் இருக்கலாம், குழந்தையின் குடலில் அது நச்சை உண்டாக்கும். ஒரு வயதுக்குப் பிறகும் நெல்லிக்கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

சுங்காய்: கொய்யா கிலோ கணக்கில் விழுகிறது. பிள்ளைகளும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது?

ஜாம். இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. பழுத்த கொய்யாவை வேகவைத்து, பிள்ளைகளிடம் சல்லடையும் மரக்கரண்டியும் கொடுத்துத் தேய்க்க விடுங்கள். முகத்தில் பாதி, சட்டியில் பாதி, பரவாயில்லை. விழுது ஒரு கிலோவுக்குச் சீனி 650 கிராம், இரண்டு எலுமிச்சை. அடுப்பு வேலை உங்களுடையது, ஜாம் தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், பிள்ளை இரண்டு அடி தள்ளி நிற்கட்டும். ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள். சுருக்கம் விழுந்தால் இறக்கலாம். பத்து நிமிடம் கொதித்த போத்தலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள்.

சீனி வேண்டாம் என்பவர்கள் அதே விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கஞ்சியில் ஒரு கட்டி போடுங்கள். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஃப்ரீசர்தான் சிறந்த ஊறுகாய்ச் சாடி. பெத்தாய் மரத்துக் கொட்டையும் அதில் மாதக்கணக்கில் நிற்கும்.

தாப்பா: எங்கள் வீட்டுக்காரரின் பாட்டிக்கு 88 வயது. என் இரண்டு வயது மகளுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்தேன். பாட்டி தட்டைத் தள்ளிவிட்டு, இதை இந்த வீட்டில் போடாதே என்று அழுதுவிட்டார். நான் என்ன தப்பு செய்தேன்?

தப்பு ஒன்றும் இல்லை. 88 வயது என்றால் ஜப்பான்காரன் காலத்தில் அவருக்கு நாலு, ஐந்து வயது. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வராமல் போய், மூன்றரை வருடம் தோட்டத்தில் கிழங்குதான் சோறு. எத்தனை வீட்டு ஆண்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதும் அந்தக் கிழங்கு வாசனையோடு சேர்ந்தே இருக்கும். பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான் இதோடு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். ஆனால் தைப்பிங்கிலிருந்து ஒரு ஐயா, "கிழங்கு பன்றிக்குப் போடுவது, சம்பாதிக்கிற காலத்தில் பிள்ளைக்குச் சோறு போடுங்கள்" என்று எழுத, பிடித்துக்கொண்டது சண்டை. மலையாளத்து மருமகள் ஒருத்தர், "எங்கள் வீட்டில் கப்பையும் மீன் குழம்பும் விருந்துச் சாப்பாடு" என்றார். கிள்ளானில் இருந்து ஒரு தம்பி, "பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அதே கிழங்கு வறுவலைக் கெரெப்பெக் என்று ஐந்து வெள்ளி கொடுத்து வாங்குகிறோமே" என்றார். ஐயா விடவில்லை: "அது நம் நாட்டுப் பயிரே இல்லை." நாற்பது பதில்! மாங்காயைக் கேட்டவர்கள் எல்லாம் ஓரமாக நின்றார்கள்.

ஐயா, உங்கள் கடைசிப் பேச்சு சரிதான். மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்தது, அதை விட்டுவிடுவீர்களா? நம் பாட்டனும் கப்பலில் வந்தவர்தான். வேலியோரம் குச்சி நட்டால் தானே விளைகிற ஒன்றை நான் உள்ளூர் என்றுதான் சொல்வேன். ஆனால் சோற்றைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. கிழங்கு வெறும் மாவு, புரதம் அதில் இல்லாத மாதிரிதான். பிள்ளைக்குத் தனியாகக் கொடுத்து வயிற்றை நிரப்பக் கூடாது. முட்டையோ, மீனோ, உப்புப் போக ஊறவைத்த நெத்திலியோ கூட இருக்கவேண்டும்.

சண்டையில் யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். பச்சைக் கிழங்கில் சயனைடு நஞ்சு உண்டு, கசப்புக் கிழங்கில் அதிகம். மேல் தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் உரித்து, சின்னத் துண்டாக்கி, மூடாத சட்டியில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். நடுவில் ஓடும் நாரை உருவி எடுங்கள், சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும். ஒரு துண்டு வாயில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுச் சட்டியும் குப்பைக்கு. கிழங்கைப் பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடிவிடும். அதற்குள் வேகவைத்து, வில்லை போட்டு, வற்றலாகக் காய வையுங்கள்.

ஊறுகாயில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மேலே வழித்துவிட்டுச் சாப்பிடலாமா? (நான்கு பேர், நான்கு ஊர்)

வேண்டாம். ஈரக் கரண்டி, குறைந்த உப்பு, மேலே எண்ணெய் இல்லை, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். கொட்டுங்கள்.

பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கலாமா? வாசனை நன்றாகத்தானே இருக்கிறது? (சித்தியவான்)

தேனுக்குச் சொன்ன அந்தப் போட்டுலிசம் நச்சு இதிலும் வரலாம், அதற்கு வாசனை கிடையாது, அதுதான் ஆபத்து. புளிப்பு இல்லாத பொருளை எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைக்காதீர்கள். ஃபிரிஜ்ஜில் வைத்து நாலு நாளில் முடியுங்கள்.

ஜெரிங் கொட்டை அவித்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கூடாது. சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும்.

சாயோர் மானிஸ் (தவசிக்கீரை) கீரையைப் பச்சையாக அரைத்து ஜூஸ் கொடுத்தால் சத்து என்கிறார்களே?

தைவானில் 1990களின் நடுவில் உடம்பு இளைக்க அதைப் பச்சையாக அரைத்துக் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. நம் ஆள் செய்வது போல முட்டை உடைத்து ஊற்றி நன்றாக வேகவைத்து, அளவாகச் சாப்பிடுங்கள்.

பிள்ளை எடை ஏறவில்லை, எந்த உள்ளூர்க் கீரை கொடுக்கலாம்?

கீரைக்கு முன்னால் கிளினிக். எடை அட்டையோடு நர்ஸ் மிஸ்ஸியிடம் போங்கள்.

சாம்பார் உள்ளூர்ச் சாப்பாடா? (சிரிப்புப் படத்தோடு வந்தது)

பருப்பும் வெங்காயமும் கப்பலில் வருகிறது, முருங்கை உங்கள் கொல்லையில் நிற்கிறது. கால் பங்கு உள்ளூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாற்பது பதிலுக்கு என்னால் ஆகாது.

ரம்புத்தான் எந்த வயதில் கொடுக்கலாம்?

உரித்து, கொட்டை எடுத்து, நறுக்கிக் கொடுங்கள். ஐந்து வயதுவரை முழுசாகக் கையில் கொடுக்கக் கூடாது. வழவழவென்று தொண்டைக்குள் போய்விடும். டுக்கு, லங்சாட், மாத்தா கூச்சிங் எல்லாவற்றுக்கும் இதே.

தாப்பா, மறுபடியும்: நேற்றுத் திரும்ப மரவள்ளி அவித்தேன், அக்கா. பாட்டி சாப்பிடவில்லை. ஆனால் மகளின் தட்டைத் தன் மடியில் வைத்து நாரை ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தார். நான் செய்ததைவிடச் சுத்தமாக.

அடுத்த தடவை சட்டியை வேகவைக்கும்போதே அவர் பக்கத்தில் வையுங்கள். பதம் அவரே சொல்லுவார்.

மாங்காய் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு, அக்கா?

மேலே இருக்கிறது.

நான் கேன் கேட்டவர். ஆசிட் கேன்தான். கொதிநீரில் மூன்று தடவை கழுவினால்?

கூடாது. இன்றைக்கே ஓட்டை போட்டுத் தூக்கிப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் புழங்காதபடி.