கருத்து முதலில் வருகிறதா, அதற்கான குறி முதலில் வருகிறதா?

"குறியியலுக்கும் குழந்தைகள் கற்பதற்கும் என்ன தொடர்பு? மனதில் கருத்து உருவான பிறகுதான் அதற்கு ஒரு சொல்லோ குறியோ தேவைப்படுகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல், எண் போன்ற குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் துறையே குறியியல். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்புக்குப் பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒரு சிறுமி சிலேட்டில் எழுதிக் காட்டிய எண்ணிலிருந்து என் பதிலைத் தொடங்குகிறேன்.

நூற்று இருபத்தைந்து எழுதச் சொன்னேன். அவள் 10025 என்று எழுதினாள்.

மூன்றிலக்க எண்களைத் தொடங்கும் வாரத்தில் ஆண்டுதோறும் சில பிள்ளைகள் இப்படி எழுதுவார்கள். நெடுங்காலம் அதைக் கவனக்குறைவு என்று எண்ணிச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். இன்று அதற்காக வருந்துகிறேன். அவள் காதில் முதலில் விழுந்தது நூறு, அடுத்து விழுந்தது இருபத்தைந்து. இரண்டையும் பிழையில்லாமல் எழுதி அருகருகே வைத்தாள். காதில் விழும் வரிசையில் எழுத வேண்டும் என்றுதானே தமிழ்ப் பாடத்தில் அவளைப் பழக்கினோம்?

இன்னொன்றையும் பிற்பாடுதான் கவனித்தேன். நம் பழைய தமிழ் எண்முறையில் இதே எண்ணை ௱௨௰௫ என்று எழுதினார்கள். ௱ நூறு, ௨ இரண்டு, ௰ பத்து, ௫ ஐந்து. வாயால் சொல்லும் வரிசை அப்படியே இருக்கிறது; பூஜ்ஜியத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஏடு எழுதியவர்கள் நினைத்த விதமும் அந்த எட்டு வயதுப் பிள்ளை நினைத்த விதமும் ஒன்றுதான். ஆனால் ௱ எங்கே நின்றாலும் நூறு. 1 அப்படியில்லை. நிற்கும் இடத்தைப் பொறுத்து அது ஒன்று, பத்து, நூறு என்று மாறுகிறது. ஒரு முறைக்குரிய வாசிப்பை அவள் வேறொரு முறையின் குறிகளுக்குப் பொருத்திவிட்டாள். அவ்வளவே.

குறியியல் வந்து நிற்கும் இடம் இதுதான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் சொசூரின் விரிவுரைகள் அவர் இறந்த பிறகு, 1916இல் நூலாக வெளிவந்தன. ஒரு குறியின் மதிப்பு அதனுள்ளே இல்லை, அது சேர்ந்திருக்கும் மற்றக் குறிகளோடு கொண்ட உறவில் இருக்கிறது என்றார். சதுரங்கத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நமக்குத் தாயம் போதும். காய் தொலைந்துவிட்டால் புளியங்கொட்டையை வைத்து ஆடுகிறோம், ஆட்டம் கெடுவதில்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் பியர்ஸ் இன்னொரு படி மேலே போனார். குறி, அது சுட்டும் பொருள், அது ஒருவர் மனதில் எழுப்பும் விளக்கம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். ஆசிரியர்களாகிய நாம் முதல் இரண்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறோம். 10025 என்பது அந்த மூன்றாவது, வெளியே தெரியும்படி எழுதப்பட்டது. அதை அடித்துவிட்டால் பிள்ளையின் மனதைப் பார்க்கக் கிடைத்த சன்னலை அடைத்தது போலாகும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விடை ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் கட்டைச் சோதனை. 22 மரக்கட்டைகள், நிறம், வடிவம், உயரம், அகலம் எல்லாம் வெவ்வேறு. ஒவ்வொன்றின் அடியிலும் லாக், பிக், முர், செவ் என்று பொருளற்ற நான்கு சொற்களில் ஒன்று எழுதியிருக்கும். உயரமும் அகலமும் உள்ளவை லாக். நிறமும் வடிவமும் கணக்கில் வராது. ஒரு கட்டையைத் திருப்பிக் காட்டி, "இந்தச் சொல்லுக்குரிய மற்றவற்றை எடு" என்பார்கள். சின்னக் குழந்தைகள் கைக்கு வந்ததைக் குவித்தார்கள். சற்றுப் பெரியவர்கள், முதல் கட்டை மஞ்சள் என்பதால் இன்னொரு மஞ்சளை எடுத்து, அது முக்கோணம் என்பதால் அடுத்து ஒரு முக்கோணத்தை எடுத்து, சங்கிலி போலக் கோத்துக்கொண்டே போனார்கள். சொல் தொடக்கத்திலிருந்தே கையில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கருத்தைத் தேடிப் போகிறார்கள். ஆகவே கருத்து முழுதாக விளைந்த பிறகு அதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை நான் ஏற்கவில்லை. அரைகுறைப் பொருளோடு சொல் வந்து சேர்கிறது. புழங்கப் புழங்கத்தான் நிறைகிறது.

இதில் ஆசிரியர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வைகாட்ஸ்கி அதைப் போலிக் கருத்து என்றார். பிள்ளை சரியான கட்டைகளையே எடுத்திருக்கும். ஆனால் காரணம் வெறும் கண்ணுக்குத் தெரிந்த ஒற்றுமையாக இருக்கும். ஐம்பத்தாறு என்றால் 56 என்று என் மாணவர்கள் எல்லோரும் எழுதுவார்கள். "இதில் 5 எத்தனை?" என்று கேட்டால் சிலர் ஐந்து விரல்களைக் காட்டுவார்கள்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், ஈர்க்குச்சிக் கட்டுகளையும் ஆணிமணிச்சட்டத்தையும் மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் காதைத் தமிழின் பக்கம் திருப்புகிறேன். நூறு என்று முடித்தால் அதோடு முடிந்தது. நூற்று என்றால் இன்னும் வருகிறது. ஆயிரம், ஆயிரத்து, இருபது, இருபத்து. பின்னால் ஆள் வருகிறது என்று சொல்லே முன்கூட்டி அறிவிக்கிறது. நூற்று என்று கேட்டதும் இரண்டு பூஜ்ஜியங்களும் எழுந்து இடம்விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சிறுமி 100 என்று எழுதிய அட்டையின் பூஜ்ஜியங்கள் மீது 25 அட்டையை வைத்து மூடிப் பார்த்தாள். பிறகு அவளாகவே 308 எழுதினாள். நடுவில் இருந்த பூஜ்ஜியத்தைத் தொட்டு, "இங்கே யாரும் வரவில்லை, அதனால் இது எழுந்திருக்கவில்லை" என்றாள்.

தொண்ணூறு மட்டும் எல்லா ஆண்டும் எங்களை அலைக்கழிக்கும். எழுபது, எண்பது என்று வந்த பிள்ளைக்கு அங்கே நூறு கேட்கிறது. எண்ணூறு 800 என்றால் தொண்ணூறு 900ஆகத்தானே இருக்க வேண்டும்? தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. மலையாளத்திலும் இதே சிக்கல் உண்டு. கன்னடத்தில் தொம்பத்து என்று பத்தோடு நின்றுவிடுகிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியமும் நன்னூலும் தனியே விதி சொல்லியிருக்கின்றன என்றால், எட்டு வயதில் தடுமாறுவது குற்றமா?

ஆண்டு இறுதியில் ஒரு நாள் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்றேன். அவள் சட்டத்தில் நூறுகளில் ஒன்பது மணி, பத்துகளில் ஒன்பது மணி போட்டு, ஒன்றுகளை வெறுமையாக விட்டாள். சரியாக இருந்தது. ஆனால் அவள் முகம் தெளியவில்லை. "இரண்டு கம்பியிலும் ஒன்பதுதான் இருக்கிறது. பெயரில் ஒன்பதைக் காணோமே, டீச்சர்?" என்று கேட்டாள். தொண்டு என்று ஒன்பதுக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு என்று சொன்னேன். உதடு மட்டும் அசைய இரண்டு பெயர்களையும் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "அப்படியென்றால் தொ தான் ஒன்பது" என்று சொல்லிவிட்டு, சிலேட்டில் 990 எழுதி இரண்டு ஒன்பதுகளின் மேலும் தொ, தொ என்று எழுதினாள்.