சொந்தமாகச் செய்த சோலார் பேட்டரியில் கிரைண்டர், கட்டர், டிரில் ஓட்டலாமா?

ஓட்டலாம். 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், டிரில்லிங் மெஷின், மார்பிள் கட்டர் மூன்றுமே ஓடும். எங்கள் தோட்டத்து ஷெட்டில் ஈபி லைன் கிடையாது, எல்லாம் சோலார்தான். ஆனால் கேட்கிற எல்லோரும் "எத்தனை ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி" என்றே ஆரம்பிக்கிறார்கள். பட்டறை வேலைக்கு அது இரண்டாவது கேள்விதான், மெஷின் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை இன்வெர்ட்டர் தாங்குமா என்பதே முதல் கேள்வி.

24 வோல்ட் 100 ஏஹெச் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் சுமார் இரண்டரை யூனிட் இருக்கும். இன்வெர்ட்டர் நஷ்டம் போக, அடிமட்டம் வரை இறக்காமல் எடுத்தால் 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் நிற்கும். 850 வாட் கிரைண்டரை நிறுத்தாமல் ஓட்டினாலே இரண்டு மணி நேரம் வரும், யார் அப்படி ஓட்டுகிறார்கள்? அளக்கிறோம், குறிக்கிறோம், பிடிக்கிறோம், அப்புறம்தான் சுவிட்ச். அதனால் ஒரு நாள் வேலைக்கு இது தாராளம். சொல்லப்போனால், பெரிய இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே 40, 50 வாட் குடிக்கும், காலையிலிருந்து மாலை வரை விட்டால் அரை யூனிட் போச்சு, அதனால் சாப்பிடப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

பிரச்சினை வருவது ஸ்டார்ட்டிங்கில். கிரைண்டர், டிரில் மாதிரி கார்பன் பிரஷ் மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடிக்கும் குறைவாக இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், 2 கிலோவாட் ப்யூர் சைன்வேவ் (ஈபி கரண்ட் மாதிரியே சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் அதைத் தாங்கிவிடும். கம்ப்ரஸரில் இருக்கிற இண்டக்‌ஷன் மோட்டார் அப்படியில்லை, ஐந்து முதல் ஏழு மடங்கு கேட்கும். 1 ஹெச்பி கம்ப்ரஸர்தானே என்று மாட்டினால் இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் த்ரீ பேஸ் மோட்டார் போட்டு, சிங்கிள் பேஸில் ஓடும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வழியாக மெதுவாகக் கிளப்புங்கள்.

12 வோல்ட் வேண்டவே வேண்டாம். 1000 வாட் எடுக்கவே 90 ஆம்பியருக்கு மேல் போகும், வீட்டு யூபிஎஸ்ஸோடு வரும் டியூபுலர் பேட்டரி அந்த இழுவையில் வோல்டேஜ் சரிந்து, சார்ஜ் இருக்கும்போதே லோ பேட்டரி என்று கத்தும். 24 வோல்ட்டில் ஆம்பியர் பாதி. அப்போதும் 2 கிலோவாட்டுக்கு 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள், முடிந்தவரை குட்டையாக, லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் கொண்டியை) ஒழுங்காக அழுத்தி கிரிம்ப் பண்ணி. பேட்டரியைப் பாதுகாக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் 100 ஆம்பியருக்குக் குறையக் கூடாது.

பேட்டரி பாசிட்டிவ் முனையிலேயே டிசி ஃப்யூஸ் போடுங்கள். வீட்டுக்குப் போடும் ஏசி எம்சிபி (தானாக ட்ரிப் ஆகும் சுவிட்ச்) இங்கே உதவாது, ஏசி கரண்ட் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்ச் திறக்கும்போது வரும் பொறி அறுந்துவிடும், டிசியில் அது அறுபடாமல் எரிந்துகொண்டே இருக்கலாம். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

பேனல் ஒரு கிலோவாட் போதும், நம் ஊர் வெயிலில் நாளுக்கு 4 யூனிட் பக்கம் தரும். டிரில்லுக்கு மட்டும்தான் என்றால் இத்தனை செலவே தேவையில்லை, கார்ட்லெஸ் ஒன்று வாங்கி, மதிய வெயிலில் அதன் பேட்டரியை சின்ன இன்வெர்ட்டரில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். வெல்டிங்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், 80 ஆம்பியரில் ராடு ஓட்டினாலே 2 கிலோவாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுக்கும். அதற்கு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுப்பது மலிவு.