இரவெல்லாம் அழும் லாப்ரடார் குட்டி: கூண்டைப் பழக்குவது எப்படி?

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். 45 நாள் ஆனபோது ஒரு ஆண் லாப்ரடார் குட்டி வாங்கினோம், இப்போது 58 நாள். ‘பெரிசானாலும் இதுவே போதும்’ என்று கடையில் சொன்னதால் 42 அங்குலக் கூண்டு வாங்கி பால்கனியில் வைத்திருக்கிறோம். கதவைச் சாத்தினால் விடிய விடிய அழுகிறான். கூண்டில் ஒரு மூலையில் ஒன்றுக்குப் போய்விட்டு இன்னொரு மூலையில் தூங்குகிறான். நானும் கணவரும் காலை 9 மணிக்குக் கிளம்பினால் மாலை 6 மணிக்குத்தான் வருவோம். பகலில் மாமியார் இருக்கிறார். கூண்டில் அடைப்பதே பாவம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பழகாத கூண்டில் போட்டு, கதவைச் சாத்தி, ஆள் முகமே தெரியாத பால்கனியில் விட்டால் அது சிறைதான். கூடப் பிறந்த குட்டிகளின் மேல் ஏறிப் புரண்டு, தாயின் வயிற்றுச் சூட்டில் தூங்கிப் பழகிய உயிர் அது. 45 நாளிலேயே பிரித்ததும் சேர்ந்துகொண்டது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்படி 8 வாரம், அதாவது 56 நாள் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. இந்த வயதில்தான் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று தெரிந்துகொள்கின்றன. உங்கள் குட்டி கையை வலிக்கக் கடிக்கிறதென்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாதி நியாயம் என்றதற்குக் காரணம், அதே கூண்டு பழகிவிட்டால் குட்டி தானாகப் போய்ப் படுக்கும் இடமாகிவிடும். கதவைச் சாத்துவது இந்தப் பழக்கத்தில் கடைசிப் படி. நீங்கள் அதிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். கவலைப்பட வேண்டாம், 58 நாள் குட்டிக்கு இதைத் திருத்தப் பெரும்பாலும் சில வாரங்கள் போதும்.

அந்த இரண்டு மூலை விஷயத்தை முதலில் பார்ப்போம். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய்க்குப் பிடிக்காது. கூண்டுப் பழக்கம் முழுக்க இந்த ஓர் இயல்பை நம்பித்தான் இருக்கிறது. 42 அங்குலம் வளர்ந்த லாப்ரடாருக்குச் சரியான அளவு. ஐந்து கிலோ குட்டிக்கு அதில் படுக்கையறையும் உண்டு, கழிப்பறையும் உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை டேப்பால் அளந்து, அதோடு 10 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க அவ்வளவு நீளம் போதும். மீதியைத் தடுத்துவிட வேண்டும். கூண்டு வந்த அட்டைப்பெட்டியில் தடுப்புக் கம்பி வலை இருக்கிறதா என்று பாருங்கள், பல கூண்டுகளோடு சேர்த்தே தருவார்கள். இல்லையென்றால் பிளைவுட் பலகையை அளவாக வெட்டி, நான்கு மூலையிலும் துளை போட்டு, கேபிள் டையால் கம்பியோடு இறுக்குங்கள். டையின் நுனிகள் வெளிப்பக்கம் இருக்கட்டும். அட்டை வைத்தால் ஒரே நாளில் கடித்துத் தின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து தடுப்பைப் பின்னால் தள்ளுங்கள்.

அடியில் பிளாஸ்டிக் ட்ரே இருக்க வேண்டும், வெறும் கம்பியில் கால் விரல் மாட்டிக்கொள்ளும். அதன் மேல் பழைய காட்டன் புடவையை மடித்துப் போடுங்கள். டர்க்கி டவலின் நூல் வளையங்களில் நகம் சிக்கும். தடுப்பு வைத்த பிறகும் துணியிலேயே ஒன்றுக்குப் போனால் சில நாள் துணியை எடுத்துவிடுங்கள். துணி ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் நனைந்த உறுத்தல் குட்டிக்குத் தெரிவதில்லை. உள்ளே விடும்போது கழுத்துப்பட்டை, மணி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பட்டை கம்பியில் மாட்டி மூச்சுத் திணறிப்போகும்.

பால்கனியிலிருந்து கூண்டை இன்றைக்கே உள்ளே கொண்டுவாருங்கள். வெயில், கொசு, தனிமை மூன்றுமே அங்கே இருக்கின்றன. கொசுக்கடியால் நாய்க்கு இதயப்புழு வரும். கொசுவர்த்தியைக் கூண்டுக்குப் பக்கத்தில் ஏற்றினால் புகையெல்லாம் அதன் மூக்குக்குத்தான் போகும். கூண்டின் இடம் இரவில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கட்டும். மெல்லிய துணியால் மூன்று பக்கம் மூடலாம். நான்காவது பக்கம் திறந்திருக்க வேண்டும், ஃபேன் காற்று உள்ளே போக வேண்டும். சென்னை வெயிலில் கூண்டை முழுக்கப் போர்த்துவது ஆபத்து. வேகமாக மூச்சிரைத்து, எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு அடர் சிவப்பாக மாறினால் வெப்பத் தாக்குதல். உடனே உடம்பைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, ஃபேனுக்கு அடியில் வைத்து, மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இனி பழக்குவது. முதல் மூன்று நாள் பகலில் கதவைச் சாத்தவே வேண்டாம். அது ஆடி முதுகில் இடித்தால் அந்தப் பயம் போக நாளாகும், அதனால் கயிற்றால் பின்னால் இழுத்துக் கட்டிவிடுங்கள். தினமும் சாப்பிடும் தீனியிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து, ஒவ்வொன்றாக உள்ளே போடுங்கள். குட்டியைக் கவனியுங்கள். முன்னங்கால் இரண்டும் உள்ளே இருக்கும், பின்னங்கால் இரண்டும் வெளியே அழுத்தி ஊன்றியிருக்கும், கழுத்து மட்டும் நீண்டு தீனியை எடுக்கும், எடுத்ததும் பின்வாங்கும். அந்த நேரத்தில் பின்பக்கம் கை வைத்துத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். தள்ளினால் மூன்று நாள் வேலை வீண். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு பின்னங்காலும் தானாக உள்ளே வரும், வந்து திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது நாலைந்து தீனியைச் சேர்த்துக் கொடுங்கள். சாப்பாட்டுத் தட்டையும் கூண்டின் கடைசியில் வையுங்கள். ‘உள்ளே’ என்று ஒரே ஒரு சொல்லை வீட்டில் எல்லோரும் சொல்லுங்கள். ஒருவர் ‘உள்ளே’, ஒருவர் ‘கோ’, ஒருவர் ‘போடா’ என்றால் குட்டிக்கு எதுவும் பதியாது.

நான்காம் நாள், சாப்பிடும்போது சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, கடைசி வாய் முடிவதற்குள் திறந்துவிடுங்கள். பிறகு ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டு போகலாம். முதலில் பக்கத்திலேயே உட்காருங்கள், அப்புறம் அறைக்குள் நடமாடுங்கள், பிறகு சமையலறைக்குப் போய் வாருங்கள். நேரத்தையும் தூரத்தையும் ஒரே நாளில் கூட்ட வேண்டாம். விளையாடிக் களைத்து, ஒன்றுக்குப் போய்விட்டு வந்த குட்டியை விட்டால் சீக்கிரம் தூங்கும். துள்ளிக்கொண்டிருக்கும் குட்டியை அடைத்தால் கத்தும்.

அழுகையிலும் வித்தியாசம் தெரிய வேண்டும். விட்டு விட்டு, மெல்ல முனகி, நடுநடுவே காது கொடுத்துக் கேட்டால் அது செல்லம். இரண்டு மூன்று நொடி அமைதியானதும் போய்த் திறக்கலாம். நிறுத்தாமல் ஏறிக்கொண்டே போகும் ஊளை, எச்சில் ஒழுகல், கம்பியைக் கடித்தல், ட்ரேயைப் பிறாண்டல் என்றால் பயம். ‘அழுதால் அழட்டும், தானாக அடங்கும்’ என்ற அறிவுரை இதற்குப் பொருந்தாது. பயத்தில் களைத்துத் தூங்கிய குட்டி மறுநாள் கூண்டைப் பார்த்தாலே ஒதுங்கும். திறந்துவிட்டு, முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

மாமியாரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டி அழும்போது இரக்கப்பட்டுக் கம்பி வழியாக பிஸ்கட் கொடுக்க வேண்டாம். அழுதால் பிஸ்கட் வரும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். அமைதியாகப் படுத்திருக்கும்போது கொடுக்கட்டும், அதே பிஸ்கட் பாடமாகிவிடும்.

பகல் பழக்கம் முடியும்வரை இரவில் என்ன செய்வது? கதவு திறந்த கூண்டைச் சுற்றி மடக்கு வேலி போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். சாத்தியே ஆக வேண்டுமென்றால் குட்டி தூங்கிய பிறகு சாத்துங்கள், விரலைக் கம்பி வழியாக உள்ளே விட்டுவையுங்கள். இரவுச் சாப்பாடு 7 மணிக்கு. தண்ணீரைப் பகலில் ஒருபோதும் குறைக்காதீர்கள், படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கிண்ணத்தை எடுத்தால் போதும். 11 மணிக்குக் கடைசியாக ஒன்றுக்கு விடுங்கள். இரவு 2 மணிக்கும் காலை 5 மணிக்கும் அலாரம் வைத்து, அது அழுவதற்கு முன்பே நீங்கள் எழுப்ப வேண்டும். பெரிய விளக்கு வேண்டாம், பேச்சு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம். தூக்கிக்கொண்டு போய், ஐந்து நிமிடம் நின்று, திரும்பக் கூண்டுக்கு. துணி நனையாமல் மூன்று இரவு போனால் அலாரத்தை அரை மணி தள்ளுங்கள். நான்கு மாத வாக்கில் பெரும்பாலான குட்டிகள் இரவு முழுக்கத் தாங்கும்.

ஒன்றுக்குப் போகும் இடம் எது? உங்கள் குட்டிக்குத் தடுப்பூசி முடியவில்லை. தெருநாய்கள் நடமாடும் மண்ணில் இறக்கக் கூடாது, குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய கழிச்சல் நோயைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நர்சரியில் கிடைக்கும் புல்தரைத் துண்டை இரண்டடிக்கு மூன்றடி ட்ரேயில் போட்டு, பால்கனியில் கூண்டு இருந்த இடத்தில் வையுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்திலும், விளையாட்டு நடுவிலும், விழித்திருக்கும்போது முக்கால் மணிக்கு ஒருமுறையும் அங்கே கொண்டுபோக வேண்டும். நடத்திக் கூட்டிப்போனால் வழியிலேயே போய்விடும், தூக்கிக்கொண்டு போங்கள். போய் முடித்த இரண்டு நொடிக்குள், அந்த இடத்திலேயே ஒரு தீனி. உள்ளே வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் கிடைத்தது என்று நினைக்கும்.

ஹாலில் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எதுவும் வேண்டாம். உங்கள் கண்ணெதிரில் போகக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொள்ளும், பிறகு சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து போகும். துடைக்க பினாயில் வேண்டாம். அது சிறுநீர் வாடையை மறைக்குமே தவிர அகற்றாது, நாய் மூக்குக்கு அந்த இடம் அப்படியே தெரியும். தரையில் நடந்த பாதத்தை நக்கும்போது ரசாயனம் வயிற்றுக்கும் போகும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், சிறுநீர் வாடையைச் சிதைத்து அகற்றும் என்சைம் கிளீனரை ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

இப்போது கடினமான விஷயம். காலை 9 முதல் மாலை 6 வரை கூண்டு என்பது இந்த வயதில் நடக்காத காரியம், நடத்தவும் கூடாது. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் ஒரு குட்டி அடக்கக்கூடிய அதிகபட்ச மணிநேரம். இரண்டு மாதத்துக்கு மூன்று மணி, அதுவும் தூங்கினால். பகலில் ஒரே மூச்சில் இரண்டு மணிக்கு மேல் சாத்தாதீர்கள். மாமியாருக்கு முடியுமென்றால் ஒரு மணி விழிப்பு, ஒன்றரை அல்லது இரண்டு மணி கூண்டுத் தூக்கம் என்று மாறி மாறிப் போகட்டும். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். தூக்கம் போதாத குட்டிதான் சாயங்காலம் வெறிபிடித்தது போல ஓடிப் புடவைத் தலைப்பைக் கடிக்கும். குனிந்து தூக்குவது அவருக்குச் சிரமமென்றால், கூண்டும் ட்ரேயும் தாராளமாகக் கொள்ளும் வேலிக்குள் ஒரு மூலையில் திறந்த கூண்டு, எதிர் மூலையில் புல் ட்ரே, நடுவில் தண்ணீர். முதல் இரண்டு வாரம் உங்களில் ஒருவர் மதியம் வந்து போக முடிந்தால், அல்லது மாறி மாறி விடுப்பு எடுத்தால் மிக நல்லது.

சாப்பாட்டு நேரம் ஒழுங்கானால் மலம் கழிக்கும் நேரமும் ஒழுங்காகும். மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை. தட்டு 15 நிமிடம் இருக்கட்டும், மீதியை எடுத்துவிடுங்கள். பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு தரும், அப்புறம் கூண்டு நனைந்தது என்று குட்டியைக் குறை சொல்வோம். லாப்ரடார் என்றதும் எல்லோரும் கால்சியம் டானிக் வாங்கச் சொல்வார்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான முழுமையான உணவு கொடுக்கும்போது மேலே கால்சியம் சேர்த்தால் எலும்பு கோணலாக வளரக்கூடும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வேண்டவே வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு இவை எதுவும் கூடாது.

தடுப்பூசியை 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும், வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில். சென்னை மழைக்காலத்துக்கு எலிக்காய்ச்சல் ஊசியும் அவசியம். ஆனால் அதுவரை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்காதீர்கள். ஆட்டோ, குழந்தைகள், குப்பை வண்டிப் பாட்டு எல்லாவற்றையும் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். 12 வாரத்துக்குள் பயமில்லாமல் பார்த்துப் பழகியவற்றுக்குப் பிறகு பெரும்பாலும் பயப்படாது.

அடம் பிடித்தால், சேட்டை செய்தால் தண்டனையாகக் கூண்டில் போடாதீர்கள். குழந்தைகள் அதற்குள் நுழைந்து விளையாடவோ கையை விட்டுச் சீண்டவோ விடாதீர்கள். அது அதன் இடம் என்று இருந்தால்தான் தீபாவளிப் பட்டாசுக்கும் ஐப்பசி இடிக்கும் ஓடிப் போய் ஒளிய ஓர் இடம் இருக்கும்.

எல்லாம் செய்தும், கூண்டு சரியான அளவில் இருந்தும், தினமும் நனைகிறது, அல்லது சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகிறது என்றால் சிறுநீரைக் கொடுத்துப் பரிசோதியுங்கள், தொற்று இருக்கலாம். சாப்பிடாமல் வாந்தியும் ரத்தம் கலந்த கழிச்சலும் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.