முகம் படிக்கத் தெரிஞ்சா ஆட்டிசம் இருக்காதா?

கேள்வி: வயசு 34. மாமியார் டம்ளர் வைக்கிற சத்தத்துலயே கோவமா இருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடும். ஆனா ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தா ரெண்டு நாள் எழுந்திரிக்க முடியல, மிக்ஸி சத்தம், பட்டுப்புடவை உறுத்தல் எதுவும் தாங்கல. எனக்கு ஆட்டிசம் இருக்குமா டாக்டர்?
– வாசகி, மதுரை

பதில்: இருக்கலாம்மா. முகம் படிக்கத் தெரியுதுங்கிறத மட்டும் வச்சு இல்லன்னு சொல்ல மாட்டேன். அது தானா வருதா, இல்ல சின்ன வயசுல இருந்து ஒவ்வொருத்தரையா கவனிச்சு, எப்ப சிரிக்கணும், எவ்ளோ நேரம் கண்ணப் பாக்கணும்னு உள்ளுக்குள்ள கணக்குப் போட்டுட்டே பேசுறீங்களா, அதத்தான் நான் முதல்ல கேப்பேன். இப்படிக் கணக்குப் போட்டு மறைக்கிறதுக்குப் பேரு மாஸ்கிங், நெறைய பெண்களுக்கு ஆட்டிசம் இருக்கிறது லேட்டா தெரிய வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். கத்துக்கிட்ட பழக்கம் அறிகுறிய மறைக்கலாம்னு மனநல டாக்டருங்க பயன்படுத்துற அமெரிக்கக் கையேடான, 2013ல வந்த டிஎஸ்எம்-5லயே இருக்கு, சத்தம், துணி உறுத்தலும் அதுல ஒரு அறிகுறிதான். ஆனா பதட்டம், ஏடிஹெச்டிங்கிற கவனக்குறைவுப் பிரச்சனை, கோபக்காரங்க நடுவுல வளந்தது இதெல்லாம் கூட இப்படி இருக்க வைக்கும், அதனால ஆன்லைன் டெஸ்ட்ட வச்சு முடிவு பண்ணாதீங்க. வளந்தவங்களுக்கு ஆட்டிசம் இருக்கான்னு பாத்துப் பழகின கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட போங்க, முடிஞ்சா அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, நாலு வயசுல நீங்க எப்படி விளையாடுனீங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க. அடுத்த கல்யாணத்துக்குக் காட்டன் புடவையே கட்டுங்கம்மா, அதுக்கு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்.