தடியால் ராகி அடித்தால் கை அதிர்வது ஏன்?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: களத்தில் ராகிக் கதிரைத் தடியால் அடித்தால் பத்தே நிமிஷத்தில் உள்ளங்கை எரிகிறது, அப்பா அதே தடியில் பொழுது சாயும்வரை அடிக்கிறார், தடியை மாற்றவா, பிடியில் துணி சுற்றவா?

இரண்டும் அப்புறம். முதலில் தடியின் எந்த இடம் குவியலில் படுகிறது என்று பாருங்கள். முழுக்க ஒரே பருமனான தடியாக இருந்தால், பிடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் அடி விழ வேண்டும். 120 செ.மீ. தடியை ஒரு முனையில் பிடித்தால் அது 80 செ.மீ., அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

குவியலில் மோதும் தடிக்கு ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. முழுத் தடியும் மேலே தள்ளப்படுகிறது. கூடவே தன் நடுப்புள்ளியைச் சுற்றிச் சுழலவும் பார்க்கிறது, அந்தச் சுழற்சி பிடிப் பக்கத்தைக் கீழே இறக்கும். மூன்றில் இரண்டில் பட்டால் மேலே போகும் வேகமும் கீழே இறங்கும் வேகமும் பிடியில் சரிக்குச் சரியாகக் கழிந்துவிடும், கைக்கு எதுவும் தெரியாது. கைக்குப் பக்கமாகப் பட்டால் தடி உள்ளங்கையில் இடிக்கும். நுனியில் பட்டால் விரல்களைப் பிடுங்கி இழுக்கும். உங்களுக்கு எரிவது உள்ளங்கை என்பதால், குவியலை ரொம்ப நெருங்கி நிற்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன், அரை அடி பின்னால் தள்ளி நின்று பாருங்கள்.

துணி சுற்றினால் அதே உதைப்பு கொஞ்சம் நேரம் பரவி வரும், அதனால் வலி குறையும், ஆனால் மொத்த உதைப்பு அப்படியேதான் இருக்கும்.

இதுவரை சொன்னது தடி வளையவே வளையாது என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத் தடி அடிபட்டதும் அதிரும், அந்த முதல் அதிர்வு எழாத இடம் இன்னும் கொஞ்சம் நுனிப் பக்கம், சுமார் 93 செ.மீ.யில் இருக்கிறது. ஆக 80-க்கும் 93-க்கும் நடுவில் எங்கே பட்டாலும் கைக்குச் சுகம்தான்.

ஒரு பக்கம் பருத்த தடி என்றால் மூன்றில் இரண்டு ஒத்துவராது. அதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது, 1673-ல் ஊசல் கடிகாரங்களைப் பற்றிய தன் நூலில் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் போட்ட கணக்கிலிருந்து வருவது. பிடிக்கும் இடத்தை ஓர் ஆணியில் தொங்கவிட்டு லேசாக ஆட்டுங்கள். போய்த் திரும்புவதை ஒன்றாக எண்ணி, பத்து ஆட்டத்துக்கு ஆகும் நொடிகளைப் பத்தால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 25-ஆல் பெருக்கினால் பிடியிலிருந்து எத்தனை செ.மீ. என்று கிடைத்துவிடும். பத்து ஆட்டத்துக்கு 18 நொடி என்றால் 81 செ.மீ.

அப்பா பிடிக்கும் இடத்தையும் கவனியுங்கள். நீங்கள் 20 செ.மீ. உள்ளே தள்ளிப் பிடிப்பவராக இருந்தால், அதே 120 செ.மீ. தடியில் கோடு இன்னும் 10 செ.மீ. நுனிப் பக்கம் போக வேண்டும்.