மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நாலு வருடத்தில் போட்ட காசு திரும்புமா?

கேள்வி: வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நாலே வருடத்தில் முதல் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். பேனல் விலையும் குறைந்துவிட்டதாம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது உண்மைதானா?

உங்கள் இபி கார்டைப் பார்க்காமல் இதற்கு ஆம், இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். பேனல் விலையைவிட, நீங்கள் எந்த அடுக்கில் கட்டணம் கட்டுகிறீர்கள் என்பதுதான் கணக்கை முடிவு செய்கிறது.

நிழல் படாத 1 கிலோவாட், தமிழ்நாட்டில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இபி லைனுக்கு அனுப்பும் யூனிட்டையும் அளக்கும் நெட் மீட்டரில் இது உங்கள் மொத்தப் பயன்பாட்டிலிருந்து கழியும். கழிவது மேலடுக்கிலிருந்து, அதாவது உங்கள் விலை உயர்ந்த யூனிட்டுகள்தான் முதலில் காணாமல் போகும். 

2024 ஜூலை விகிதத்தில் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் வீடு. முதல் 100 இலவசம், அடுத்த 300 யூனிட் 4.70 ரூபாய், அதற்கு மேல் 100 யூனிட் 6.30, இன்னொரு 100 யூனிட் 8.40, கடைசி 200 யூனிட் 9.45. ஆக 4,770 ரூபாய். இங்கே 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து 320 மிஞ்சும். 500-க்குக் கீழே வந்துவிட்டதால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய்தான், பில் 799 ரூபாய். வருடத்துக்கு மிச்சம் சுமார் 23,800. கிலோவாட்டுக்கு 65,000 ரூபாய் என்று கொட்டேஷன் வந்தால், 1,30,000-ல் மத்திய அரசு மானியம் 60,000 போக 70,000 கைக்காசு. மூன்று வருடத்தில் முதல் வந்துவிடும்.

இப்போது மூன்றாவது கிலோவாட்டைத் தனியாகப் பாருங்கள். அது மிச்சப்படுத்தப் போவது அந்த 799 ரூபாயை மட்டும்தான். வருடத்துக்கு 4,800-க்குச் சற்றுக் குறைவு. அதற்கான மானியம் 18,000 போக 47,000 செலவு. பத்து வருடம் ஆகும்! மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்து "நாலு வருடம்" என்று விற்பவர் பொய் சொல்லவில்லை, பாதியை மறைக்கிறார். அடுத்த வருடம் இரண்டாவது ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறது என்றால் மட்டும் 3 கிலோவாட்டுக்குப் போங்கள்.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்தான் ஓடுகிறது என்றால்? பில்லே 705 ரூபாய்தான். சோலாரை மறந்துவிடுங்கள், பழைய ஃபேன்களை மாற்றி மின்சாரம் குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி ஃபேன் போடுவது லாபம்.

விலை வீழ்ச்சி பற்றி. 2010-ல் தேசிய சூரிய மின் திட்டத்தின் முதல் ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் சராசரியாக 12 ரூபாய். 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99. உண்மைதான், ஆனால் அது ஏக்கர் கணக்கில் பரப்பிய பெரிய நிலையங்களின் விலை. மாடியில் பேனல் ஒரு பங்குதான். ஸ்டாண்டு, இன்வெர்ட்டர், ஒயர், எர்த்திங், கூலி எல்லாம் அந்த வேகத்தில் குறையவில்லை. போதாக்குறைக்கு, மானியம் வேண்டுமானால் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே தயாரான 'டிசிஆர்' வகைப் பேனல்தான் போட வேண்டும், அது சாதாரணப் பேனலைவிட விலை கூடுதல்.

கணக்கு சரியாக இருந்தும் யூனிட் குறைவதற்கு முதல் காரணம் நிழல். பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றின் மீது விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் கீழே இழுக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே பேனல் வைப்பதாக வரைபடம் கொடுத்தால், மார்கழியில் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் நிழல் எங்கே விழும் என்று கேளுங்கள். அடுத்தது வெப்பம்: சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போகும், 25 டிகிரியில் அச்சிட்ட திறனில் 12 முதல் 14 சதவீதம் அங்கேயே போய்விடும். அதனால் பேனலுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். உச்ச உற்பத்தி மே மாதத்தில் அல்ல, பிப்ரவரி, மார்ச்சில்தான் வரும்.

ஸ்டாண்டுக்கு ஹாட் டிப் கால்வனைஸ் செய்த இரும்பு கேளுங்கள். வெறும் பெயின்ட் அடித்தது கடலோரத்தில் சில வருடத்தில் துருப்பிடிக்கும். தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்கிவிட்டுச் சரியாக அடைக்காமல் போனால் அடுத்த மழையில் மேல்தளம் ஒழுகும். தட்டோட்டின் மேல் கான்கிரீட் பீடம் கட்டலாம், ஆனால் புயல் காற்றில் பேனல் பாய்மரம் போல் தூக்கும், பீடத்தின் எடை அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை உள்ள டிசி பக்கம், ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களை வெவ்வேறு கம்பெனியாகக் கலந்து மாட்டினால் சூடேறி உருகும். மாடி சோலாரில் தீப்பிடிக்கும் காரணங்களில் இது முக்கியமானது. எர்த்திங் ஏசிக்கு, டிசிக்கு, இடிதாங்கிக்கு என்று மூன்று தனிக் குழிகள்.

பலருக்குப் பிறகுதான் தெரிவது: கரண்ட் போனால் ஆன்-கிரிட் சோலாரும், அதாவது பேட்டரி இல்லாமல் இபி லைனோடு இணைந்ததும், நின்றுவிடும், நல்ல வெயிலிலும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. மின்வெட்டுக்காக என்றால் பேட்டரியோடும் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும், அங்கே மேலே போட்ட கணக்கு முழுக்க மாறிவிடும்.

மானியத்துக்கு விண்ணப்பம் மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் இணையதளத்தில், இபி சர்வீஸ் நம்பரை வைத்து. இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள், மானியம் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். நெட் மீட்டர் மாட்டிய பிறகு வரும் முதல் பில்லில் ஏற்றுமதி யூனிட் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இன்வெர்ட்டர் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் பேனல் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். வெயில் ஏறும் முன், உப்பில்லாத தண்ணீரில் கழுவுங்கள்.