தினமும் காளான் சாப்பிட்டால் புற்றுநோய் வராது என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்தது. அத்தைக்குக் கீமோ ஆரம்பித்த வாரம், சொந்தக்காரர் ஒருவர் காளான் மாத்திரை டப்பாவோடு வந்து நின்றார். "ஜப்பான்ல இதை மருந்தாவே குடுக்குறாங்க" என்றார்.

அவர் சொன்னது பாதி உண்மை, அதுதான் சிக்கல். ஷிடாகே காளானிலிருந்து லென்டினான் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது எலிகளில் கட்டியைச் சுருக்குவதாக 1969இல் ஜப்பானிய விஞ்ஞானி கோரோ சிஹாராவின் குழுவினர் எழுதினார்கள். 1985இல் ஜப்பான் அதை இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதித்தது. ஆனால் ஊசியாக, அதுவும் கீமோவுடன் சேர்த்துத்தான். லென்டினான் ஒரு பீட்டா குளுக்கான், அதாவது சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறு. வாய்வழியாகப் போனால் குடல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளாது. தவிர, அது புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை, நோய் எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடுகிறது. மாத்திரை விற்பவர்கள் இந்த ஊசிக் கதையைச் சொல்வதே இல்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் சமாச்சாரம் எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் பட்டது. காளானில் எர்கோதியோனின் என்று ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட் (செல்லைச் சேதத்திலிருந்து காக்கும் பொருள்) இருக்கிறது. 1909இல் முதலில் கிடைத்தது எர்காட் பூஞ்சையில் (நம் கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோய் வருமே, அந்தப் பூஞ்சைக்கு உறவுக்காரன்). நம் உடம்பால் இதைத் தயாரிக்க முடியாது. ஆனாலும் இதைச் செல்லுக்குள் தூக்கிப்போகவென்றே ஒரு புரதம் இருப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். ஒன்றுக்கும் உதவாததற்கு உடம்பு ஆள் வைக்குமா? மொட்டுக் காளானைவிடச் சிப்பிக் காளானில் இது அதிகம். சமைத்தாலும் பெரிதாகக் குறையாது.

சரி, சாப்பிடும் மனிதர்களுக்குப் புற்றுநோய் குறைந்ததா? ஜப்பானில் 36,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல வருடம் கவனித்தார்கள். வாரம் மூன்று தடவையோ அதற்கு மேலோ காளான் சாப்பிட்டவர்களுக்கு, வாரம் ஒரு தடவைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் குறைவாக வந்தது. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். காளானுக்கும் மொத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பே தெரியவில்லை. காளான் விரும்பிகள் காய்கறியும் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம், எதன் பலன் என்று பிரிப்பது கஷ்டம். என்னைக் கேட்டால், நல்ல சாப்பாடு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அத்தையின் டாக்டரிடம் டப்பாவைக் காட்டினோம். கீமோ முடிகிறவரை கூடவே கூடாது என்றார். காளான் சாப்பிடலாமா என்று அத்தை கேட்டதற்கு, கடையில் வாங்கியது, நன்றாக வேகவைத்தது என்றால் தாராளமாக என்றார். அப்புறம் வாரம் ஒரு நாள் சிப்பிக் காளான் மிளகு வறுவல். வாய் கசந்துபோய் எதையுமே தொடாத நாட்களில்கூட அதை மட்டும் இரண்டு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.